முட்டி வலியும் புல்லட் மேடையும்

கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கத்தில் ஒரு வீடு. வாசலை ஒட்டி கார் நிறுத்துவதற்கென்று கட்டிய ஷெட் இருக்கிறது. ஆனால் கார் கிடையாது. கார் வாங்கும் எண்ணம் அந்த வீட்டில் யாருக்கும் வந்ததும் கிடையாது. அந்த ஷெட்டில் நிற்பது 1984-ம் வருடத்து புல்லட் 350. பழைய இரும்பு இன்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இன்றைய பைக் ஓட்டிப் பழகியவன் ஏறி உட்கார்ந்தால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பான்.

அந்த வீட்டு அப்பா அதை 1987-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அப்போது அவருக்கு 23 வயது, மில்லில் ஃபிட்டர் வேலை. மில் மூடிய பிறகு பம்ப் கம்பெனிக்குப் போனார். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, வீடு கட்டினார். எல்லாம் மாறியது, வண்டி மட்டும் மாறவில்லை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துவிட்டு ஒரு மணைக்கட்டையும் கொஞ்சம் பனியன் வேஸ்ட்டும் எடுத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் உட்கார்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

"வண்டி ஆயில் ஒழுகுதுங்களே" என்று அம்மா கேட்டால், "ஒழுகுனாத்தான் உள்ள ஆயில் இருக்குதுன்னு அர்த்தம்" என்பார். புல்லட் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இந்த ஜோக் உண்டு. எல்லா அம்மாக்களும் இதற்குச் சிரிக்காமல்தான் இருப்பார்கள்.

இந்த வண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பழசு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிப் போன பிறகும் இங்கே புல்லட் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. 2010 வாக்கில்தான் அந்தப் பழைய இரும்பு இன்ஜின் நின்றது. அதற்கு அடுத்து வந்த இன்ஜினில் டேப்பெட் ஹைட்ராலிக், தானே சரி செய்துகொள்ளும். பழையதில் அப்படி இல்லை. ஆள் உட்கார்ந்து, விரலால் தொட்டுப் பார்த்து, ஸ்பானர் போட்டு சரி செய்தாக வேண்டும்.

அந்த உட்காருவதில்தான் பிரச்சினை வந்தது.

முட்டி மடங்க மறுத்த நாள்

அப்பாவுக்கு 59 வயதில் வலது முட்டியில் வலி ஆரம்பித்தது. முதலில் தைலம், பிறகு கறுப்புக் கலர் முட்டி உறை, பிறகு டாக்டர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். "நடக்கலாம், வண்டி ஓட்டலாம். ஆனா குத்துக்காலிட்டு உக்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது" என்றார். ஃபிட்டர் வேலையில் முக்கால்வாசி ஆயுளைக் குத்துக்காலிட்டே கழித்த மனுஷனிடம் சொல்கிற வார்த்தையா அது!

இரண்டு மாதம் முக்காலி போட்டுப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்தால் இன்ஜின் கீழே இருக்கிறது, குனிய வேண்டும். குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது. ஒரு ஞாயிறு மணைக்கட்டையில் உட்கார்ந்தேவிட்டார். வேலை முடிந்து எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவும் மகனும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினார்கள். அன்றைக்கு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஈரோட்டில் இருந்து ஒருவர் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு ஐந்தாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். மீதியை ஒரு மாதத்தில் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

மகனுக்கு 20 வயது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம். "நான் பாத்துக்குறனுங்கப்பா, விக்க வேண்டாமுங்க" என்றான்.

"உனக்கு இதுல என்ன கண்ணு தெரியும்?" என்றார் அப்பா. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பத்து வருடமாக மாதா மாதம் அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். ஆனால் அவன் செய்த வேலை டார்ச் பிடிப்பது. அப்பாவோடு சேர்ந்து எதையாவது ரிப்பேர் பண்ணிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வேலை தெரியும். "டார்ச்ச எங்க காட்டுற? நான் பாக்குற எடத்துல காட்டு" என்ற திட்டும் தெரியும். தரையில் ஒருவர் உட்கார்ந்து வண்டிக்குள் தலையை நுழைத்து வேலை செய்யும்போது, பின்னால் நிற்பவனுக்குத் தெரிவது அவருடைய முதுகு மட்டும்தான். அந்த முதுகுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பத்து வருடமாக அவன் பார்க்கவே இல்லை.

மேடை யோசனை

இன்டர்ன்ஷிப்புக்காக ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனபோது அங்கே ஹைட்ராலிக் ரேம்ப்பைப் பார்த்திருந்தான். வண்டியை மேடை மீது ஏற்றி, காலால் பெடலை மிதித்தால் மேடை மேலே வரும். மெக்கானிக் நின்றபடியே வேலை பார்ப்பார். அமெரிக்கா, ஐரோப்பாவில் வீட்டு கராஜிலேயே இதை வைத்திருக்கிறார்கள். சாதாரணமாக 450 கிலோ தாங்கும், முக்கால் மீட்டர் உயரம் வரை ஏறும். தாழ்ந்த நிலையில் தரையில் இருந்து 20 சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும் என்பதால் வண்டியை ஒரு ஆளே தள்ளி ஏற்றிவிடலாம்.

"அதெல்லாம் கம்பெனிக்காரங்க வெச்சுக்கறது" என்றார் அப்பா. புதிய ரேம்ப்பின் விலையைக் கேட்டபோது அவர் சொன்னது சரி என்றே பட்டது. ஆனால் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஒரு இரும்பு மேடை செய்ய முடியாது என்று சொன்னால் ஊருக்கே அவமானம் இல்லையா? தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிற ஊர்!

மேடை கத்திரி மாதிரி வேலை செய்யும். இரண்டு கால்கள் நடுவில் ஒரு பின்னால் குறுக்காகச் சேர்ந்திருக்கும். கீழ்ப்பக்கத்துக் கால்களை ஒன்றை நோக்கி ஒன்று இழுத்தால் மேல்தட்டு உயரும். பார்க்க எளிமை. கணக்கு போட்டால்தான் விஷயம் தெரியும்.

வண்டி கிட்டத்தட்ட 170 கிலோ. மேல்தட்டையும் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொண்டான். கால்கள் நான்கு அடி நீளம். மேடை கீழே படுத்திருக்கும்போது கால்கள் தரையோடு 10 டிகிரிதான் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் 250 கிலோவைக் கிளப்ப, கிடைமட்டமாகத் தள்ளும் சிலிண்டர் கொடுக்க வேண்டிய விசை கிட்டத்தட்ட 1,400 கிலோ எடைக்குச் சமம்! 30 டிகிரிக்கு வந்துவிட்டால் 430 கிலோ போதும். அதாவது முதல் நான்கு அங்குலம்தான் மேடைக்கு உயிர்ப் போராட்டம், அதன் பிறகு சுலபம். கத்திரி மேடை செய்பவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 250 கிலோதானே என்று சின்ன ஜாக் வாங்கிப் போட்டால் மேடை தரையை விட்டுக் கிளம்பாது.

அவனும் தடுக்கி விழுந்தான், ஆனால் வேறு இடத்தில். விசை எவ்வளவு வேண்டும் என்று சரியாகக் கணக்கு போட்டு, லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக் ஒன்றை வாங்கி வந்து படுக்கவைத்துப் பொருத்தினான். கைப்பிடியை அடித்தால் ஜாக் நகரவே இல்லை. பாட்டில் ஜாக்கை நிமிர்த்தி வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். கண்டபடி படுக்கவைத்தால் உள்ளே பம்ப் எண்ணெயை உறிஞ்சும் துளைக்கு எண்ணெய் எட்டாது, காற்றைத்தான் உறிஞ்சும். பாஸ்கல் விதியும், அதை வைத்து ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியதும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான். ஜாக்கைப் படுக்கவைக்கக் கூடாது என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை.

அதுவரை கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். "பம்ப் தனியா, சிலிண்டர் தனியா இருக்கறது வேணும் கண்ணு. பம்ப் நேரா நிக்கட்டும். சிலிண்டர் எப்படி வேணாலும் படுக்கட்டும்" என்றார்.

அப்பாவும் மகனும் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை அலைந்தார்கள். உடைத்துப் போட்ட ரேம்ப் ஒன்றில் இருந்து கழற்றிய கால் பம்ப்பும் சிலிண்டரும் கிடைத்தது. சீல் போயிருந்தது. சீல் மாற்றி, எண்ணெய் ஊற்ற வேண்டும். வீட்டில் பாதி டப்பா பிரேக் ஆயில் இருந்தது, அதுவும் ஹைட்ராலிக்தானே என்று மகன் மூடியைத் திறந்துவிட்டான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். பிரேக் ஆயில் வேறு வகை. ஜாக்கில் இருக்கும் ரப்பர் சீல் அதில் ஊறி உப்பி வீணாகிவிடும். ஜாக்குக்கு உரிய ஹைட்ராலிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் நாலைந்து தடவை ஏற்றி இறக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று இருந்தால் மேடை பஞ்சு மாதிரி அமுங்கும்.

வெல்டிங் பட்டறைக்காரர் அப்பாவோடு மில்லில் வேலை பார்த்தவரின் தம்பி. "ஏனுங்ண்ணா, இதுல பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வெச்சுத் தூக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே செய்து கொடுத்தார். இரும்புச் சதுரக் குழாயில் அடிச்சட்டம், மேலே செக்கர் பிளேட், ஏழு அடி நீளம், இரண்டேகால் அடி அகலம். முன்னால் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். பின்னால், சக்கரத்தைக் கீழ் வழியாகக் கழற்றி எடுக்க வசதியாகக் கழற்றி மாட்டும் ஒரு பலகை. பக்கவாட்டில் பற்கள் வெட்டிய பூட்டுக் கம்பி. இந்தப் பூட்டுக் கம்பியை அப்பா மூன்று தடவை திருப்பிச் செய்யச் சொன்னார். ஹைட்ராலிக் என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்கி நிற்பது இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சீல் எப்போது வேண்டுமானாலும் போகும். பல்லில் உட்கார்ந்த இரும்பு போகாது.

முதுகுக்குப் பதிலாகக் கை

முதல் ஞாயிறு. வண்டியைத் தள்ளி ஏற்றி, முன் சக்கரத்தைக் கவ்வி, ஹேண்டில்பாரில் இருந்து இரண்டு பக்கமும் ராட்செட் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டி, சென்டர் ஸ்டாண்டையும் போட்டார்கள். மகன் பெடலை மிதித்தான். முதல் நாலு அங்குலத்துக்கு மேடை முனகியது. பிறகு சுலபமாக ஏறியது. கணக்கில் வந்தது கண் முன்னால் நடந்தது.

உயரம் எவ்வளவு வைப்பது என்பதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நின்று வேலை செய்பவருக்கு, நுணுக்கமான வேலை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் கண்ணுக்கு நல்லது. பலம் போட்டுச் செய்யும் வேலை முழங்கைக்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் உடம்பின் பாரம் உதவும். அதனால் ஒரே உயரத்தில் வைத்து எல்லா வேலையும் செய்வது சரிப்படாது. ஏற்றி இறக்கும் மேடையின் உண்மையான வசதி இதுதான். அப்பாவுக்கு இன்னும் ஒரு வசதி, அவர் உட்கார வேண்டும். உயரமான ஸ்டூலில், முட்டியை மடக்காமல் காலை நீட்டி உட்கார்ந்தார். மேடையை அவர் சொல்லச் சொல்ல மகன் இறக்கினான். இன்ஜினின் டேப்பெட் மூடி அவர் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

டேப்பெட் வேலை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, தூக்கி நிற்கும் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி பிஸ்டனை கம்ப்ரஷனின் உச்சிக்குக் கொண்டு வர வேண்டும். சிலிண்டருக்குக் கீழே இருக்கும் மூடியைத் திறந்தால் இரண்டு புஷ்ராடுகளின் கால் தெரியும். அதை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

"சுத்து" என்றார் அப்பா.

மகன் சுற்றினான். சுற்றியது.

"மேலயும் கீழயும் ஆட்டு."

லேசாக ஆடியது.

"அந்த ஆட்டந்தான் டிக்கு டிக்குனு சத்தம். ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. சும்மா சுத்தோணும், அவ்வளவுதான். இறுக்கி வெச்சியின்னா சூடானா வால்வு மூடாது."

நட்டை லூஸ் பண்ணி, கொஞ்சம் திருப்பி, நட்டை இறுக்கி, திரும்பவும் விரலால் சுற்றிப் பார்த்தான். நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிட்டது. திரும்பவும் முதலில் இருந்து. ஏழாவது தடவை அப்பாவே விரலை வைத்துப் பார்த்துவிட்டு "ம்" என்றார்.

பத்து வருடமாக டார்ச் பிடித்துத் தெரியாத விஷயம் அன்று ஒரு மணி நேரத்தில் தெரிந்தது. அதற்குக் காரணம் அவன் பாலிடெக்னிக் படிப்பு இல்லை. தரையில் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம். மேடை மீது ஏறிய வண்டியைச் சுற்றி இரண்டு பேர் நிற்கலாம், இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்க்கலாம். அப்பாவின் முதுகு தெரிந்த இடத்தில் அன்று அவர் கை தெரிந்தது.

சாய்ந்த வண்டி

இத்தோடு கதை சுபம் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாவது மாதம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மேடை வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. வண்டி மேடை மீது, மேடை இரண்டேகால் அடி உயரத்தில். பின் பலகையைக் கழற்றி எடுத்தாகிவிட்டது. இடது பக்க பெல்ட் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று மகன் அவிழ்த்துவிட்டிருந்தான். அப்பா இடது பக்கத்தில் ஸ்டூலில். ஆக்ஸில் நட்டு துருப்பிடித்து அசையவில்லை. மகன் ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வெட்டு வெட்டினான்.

நட்டு அசையவில்லை, வண்டி அசைந்தது. சென்டர் ஸ்டாண்டின் ஒரு கால், கழற்றிய பலகை இருந்த ஓட்டைக்குள் இறங்கியது. 170 கிலோ வண்டி அப்பா பக்கம் சாய்ந்தது. துள்ளி எழுந்து ஒதுங்க அவரால் முடியாது, முட்டி விடாது. இரண்டு கையையும் தூக்கி டேங்கைப் பிடித்துக்கொண்டார்.

வலது பக்க பெல்ட் இறுகிப் பிடித்தது. வண்டி பாதி சாய்ந்த நிலையில் நின்றது. சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து பெல்ட்தான் காப்பாற்றும். மகன் அவிழ்த்தது வலது பெல்ட்டாக இருந்திருந்தால்? அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து வண்டியை நிமிர்த்திப் பிடிக்க, மகன் மேடையை மெதுவாக இறக்கினான். அப்பாவின் உள்ளங்கையில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

சாயங்காலம் வரைக்கும் அப்பா பேசவில்லை. அம்மா பேசினார். "அந்தச் சனியன வித்துத் தொலைச்சிருந்தா இந்நேரம் நிம்மதி" என்றார். மகன் சாப்பிடாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். விளக்கு வைத்த பிறகு அப்பா ஷெட்டுக்குப் போய், மிச்சமிருந்த சிவப்பு பெயின்ட்டை எடுத்து, சுவரில் எழுத ஆரம்பித்தார். அந்த எழுத்து இன்றும் இருக்கிறது.

1. இறுகின நட்டு எல்லாம் தரையிலேயே லூஸ் பண்ணவும். மேலே ஏற்றின பிறகு பலம் போடக் கூடாது.
2. இரண்டு பெல்ட்டும் எப்போதும். இடைஞ்சலாக இருந்தால் வேறு இடத்தில் கட்டவும், அவிழ்க்கக் கூடாது.
3. பூட்டுக் கம்பி பல்லில் உட்காராமல் கை வைக்கக் கூடாது.
4. பின் பலகை எடுத்தால் ஸ்டாண்டின் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும்.
5. சக்கரமோ இன்ஜினோ கழற்றினால் பாரம் இடம் மாறும். கழற்றும் முன்பே முட்டுக் கொடுக்கவும்.
6. இறக்கும்போது கால், கை, ஸ்டூல், பூனை எதுவும் கீழே இருக்கக் கூடாது.
7. வேலை முடியாவிட்டாலும் ராத்திரிக்கு மேடையை இறக்கி வைக்கவும்.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஆறாவதில் பூனை எதற்கு என்று அந்த வீட்டில் கேட்டால் அம்மா சொல்வார்.

எழுதி முடித்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். "தப்பு உன்னோடது மட்டும் இல்ல. பெல்ட்ட அவுக்கறப்ப நானும் பாத்துட்டுத்தான உக்காந்திருந்தேன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வி

மேடை பற்றிக் கேள்விப்பட்டு, பஸ் ஸ்டாப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பார்க்க வந்தார். முப்பது வருடமாக அதே கடை, அதே மணைக்கட்டை. வயது ஐம்பதைத் தாண்டவில்லை. ஆனால் எழுந்திருக்கும்போது ஒரு கை முட்டியிலும் ஒரு கை வண்டியிலும் ஊன்றித்தான் எழுந்திருப்பார். மேடையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"நீங்க மாசத்துக்கு ஒருக்கா உக்காருறதுக்கு இது இருக்குதுங்க. நான் தெனம் பத்து வண்டிக்கு உக்காருறேன். எனக்கு வேணாமுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கடை எட்டடிக்குப் பத்தடி. மேடையை வைத்தால் வேறு எதுவும் வைக்க முடியாது. கடைக்கு வெளியே ரோட்டோரத்தில்தான் பாதி வேலை நடக்கிறது. அங்கே இரும்பு மேடையை நிரந்தரமாக வைக்க விட மாட்டார்கள். கால் மணி நேர வேலைக்கு வண்டியை ஏற்றி, கட்டி, இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த கஸ்டமர் வேறு கடைக்குப் போய்விடுவார். சர்வீஸ் சென்டரில் இருக்கும் ரேம்ப் தெருக்கடைக்கு வராமல் போனதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை, இடமும் நேரமும்தான்.

மகன் அதைப் பற்றி ஒரு வாரம் யோசித்தான். ஏறி இறங்கும் மேடைதான் வேண்டும் என்று யார் சொன்னது? மிச்சக் குழாயில் ஒன்றேகால் அடி உயரத்துக்கு அசையாத ஒரு பெஞ்ச், ஏற்ற ஒரு சாய்வுப் பலகை, முன்னால் சக்கரம் கவ்வும் கிளாம்ப். வெல்டிங் பட்டறைக்காரர் கூலி வாங்கவில்லை. 110 கிலோ எடையுள்ள ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியை இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் ஏறிவிடும். ராத்திரி கடைக்குள் நிமிர்த்திச் சாத்தி வைத்துவிடலாம்.

மெக்கானிக் அதை எல்லா வேலைக்கும் பயன்படுத்துவதில்லை. ஆயில் மாற்றவும் செயின் இறுக்கவும் பழைய மணைக்கட்டைதான். இன்ஜின் வேலை, கிளட்ச் வேலை என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருந்தால் மட்டும் பெஞ்ச். "பாதி வலி கொறைஞ்சா பாதி வலிதானுங்க தம்பி, அது போதும்" என்கிறார். இதைவிட நியாயமாக ஒரு விமர்சனம் யாரும் சொல்ல முடியாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

வருடத்துக்கு இரண்டு தடவை ஆயில் மாற்றுபவருக்கு மேடை தேவையில்லை. சமதளமான சிமென்ட் தரை இல்லாத வீட்டில் வைக்கவே கூடாது, மண் தரையில் ஒரு பக்கம் இறங்கினால் ஆபத்து. மேடை வைக்க மட்டும் ஏழடி நீளம் வேண்டும், அதைச் சுற்றி ஆள் நிற்க ஆளுக்கு இரண்டடி. வீட்டில் செய்பவர்கள் வண்டியை ஏற்றும் முன், வண்டியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு மணல் மூட்டையை ஏற்றி, பூட்டுப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பார்ப்பது நல்லது. வெல்டிங்கில் வெடிப்பு இருந்தால் மணல் மூட்டை விழட்டும், வண்டியும் ஆளும் விழ வேண்டாம். இது வெல்டிங் பட்டறைக்காரர் சொன்னது, அந்த வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள்.

முட்டி மடங்காதவருக்கு, இடுப்பு வலிக்காரருக்கு, பழைய வண்டி வைத்திருப்பவருக்கு, அதைவிட முக்கியமாக, தன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க நினைப்பவருக்கு மேடை வேண்டும்.

ஈரோட்டுக்காரருக்கு அட்வான்ஸ் எப்போதோ திரும்பிப் போய்விட்டது. அப்பாவின் முட்டி சரியாகவில்லை, ஆகவும் ஆகாது. மழைக்காலத்தில் வலி அதிகம். இப்போதும் மாதத்தின் முதல் ஞாயிறு அந்த ஷெட்டில் சத்தம் கேட்கும். போன மாதம் மின்சாரம் போயிருந்தது. மகன் டேப்பெட் மூடியைத் திறந்து இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டூலில் அப்பா.

"டார்ச்ச எங்கீங்கப்பா காட்டறீங்க? நான் பாக்குற எடத்துல காட்டுங்க" என்றான் மகன்.

அடுப்படியில் இருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.